முன்பணம் எவர் பணம்?

களவு தீது என்பதை ஒப்புக்கொள்ளாதார் உலகில் இல்லை. பூட்டை உடைத்தவனையும் மடியை அவிழ்த்தவனையும் கள்வன் என்று கூற எவரும் தயங்கார். ஆனால், நம்பிக் கையில் கொடுக்கப்பட்ட பணத்தைத் திருப்பிக் கொடாதவனை அப்பெயரால் அழைக்க நாம் தயங்குகிறோம். "கொடுக்கல் வாங்கல் தகராறு" என்று அதற்கு மெல்லியதொரு பெயரிட்டு விலகிவிடுகிறோம். குடியிருக்கும் வீட்டின் பொருட்டுக் கொடுக்கப்படும் முன்பணமும், அதனை ஒட்டி எழும் மின்கட்டண, தண்ணீர்க் கட்டணக் கணக்குகளும் இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றுள் அறமாவது எது என்று ஆராய்வோம். நம்மவருள் வாடகைக்குக் குடியிருப்போர் பலர். வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருளால் வீடு கட்டி, ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருப்போரும் உளர். ஆதலின் இருதிறத்தாரையும் நோக்கியே இதனை எழுதுகிறோம்.

சென்னையிலும் பெங்களூரிலும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். சிற்சில இடங்களில் அது ஐந்தாறு மாதமாகக் குறைந்ததுண்டு. சட்டம் இவ்வழக்கத்தைத் தோற்றுவித்ததன்று. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்றே விதித்தது. அச்சட்டம் நடப்பிலிருந்த காலத்திலேயே பத்து மாத வழக்கம் தலைநகரில் வேரூன்றிவிட்டது. அதற்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகையே வரம்பு என்றும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக எஞ்சியதைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கூறுகிறது. 2021இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்று வரையறுத்தது. மாநிலங்கள் தாமே ஏற்றுச் சட்டமாக்கினாலன்றி அது செல்லுபடியாகாது. ஏட்டில் இருப்பது இவ்வாறிருக்க, வீதியில் நடப்பது வேறாக இருக்கிறது. வழக்குமன்றம் சென்று சட்டத்தை நிலைநாட்டிக்கொள்ளும் வசதி கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு எங்கே இருக்கிறது? ஆகவே இக்காரியம் பெரும்பாலும் மனச்சான்றிடமே விடப்பட்டிருக்கிறது.

முதலில் அப்பணத்தின் பெயரைக் கவனிப்போம். 'முன்பணம்' என்கிறோம், 'அட்வான்ஸ்' என்கிறோம். முன்னதாகக் கொடுக்கப்பட்ட வாடகை என்பது இச்சொற்களின் தோற்றம். உண்மையில் அது வாடகையன்று. வீட்டுக்குச் சேதம் நேர்ந்தாலோ, வாடகை நின்றுபோனாலோ ஈடுசெய்வதற்காக ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைத்து வைக்கும் காப்புப் பணம் அது. பெயர் தவறியதால் இருவர் கருத்தும் தவறுகின்றன. 'வாங்கிவிட்டேன், இனி என்னுடையது' என்று வீட்டுக்காரர் எண்ணுகிறார். 'வாடகையைத்தான் முன்பே கொடுத்துவிட்டேனே' என்று குடியிருப்பவர் எண்ணிக் கடைசி மாதங்களில் வாடகையை நிறுத்திவிடுகிறார். பணம் கைமாறியது, உரிமை மாறவில்லை. இவ்வொன்றை இருவரும் உணர்ந்தால் பாதித் தகராறு எழாமலே போகும்.

ஒப்படைத்த பொருளைத் தமிழர் அடைக்கலம் என்றனர். சிலப்பதிகாரத்தில் கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற இடைக்குல முதுமகள் மாதரி, அவ்வடைக்கலத்தைக் காக்க இயலாமற் போனமைக்காகத் தீப்புகுந்தாள். கோவலன் கொலையுண்டதில் அவளுக்குப் பங்கு யாதுமில்லை. எனினும் தன்னை நம்பி வைத்தது தன் காவலில் அழிந்தது என்பதே அவளால் தாங்கமுடியாத பழியாயிற்று. அம்முடிவை எவருக்கும் நாம் பரிந்துரைக்கவில்லை. நம்பி வைக்கப்பட்டதன் கனம் எத்தகையது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கே அதனைக் குறித்தோம்.

பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலம், கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாமை. இங்கே ஓர் ஐயம் எழலாம்: "முன்பணம் கொடுக்கப்பட்டதுதானே? கொடுத்ததை வைத்துக்கொள்வது எங்ஙனம் களவாகும்?" இதற்கு விநய பிடகத்திலேயே விடையுள்ளது. களவைப் பற்றிய இரண்டாம் பாராஜிகத்தின் விளக்கத்தில், 'உபநிதி' எனப்படும் ஒப்படைத்த பொருள் தனியே எடுத்துப் பேசப்படுகிறது. உடையவர் வந்து கேட்கும்போது, தாம் வாங்கவேயில்லை என்று பிக்கு ஒருவர் மறுத்தால் அது சிறு குற்றம். தம் பொருள் திரும்பி வருமா என்ற ஐயத்தை உடையவர் உள்ளத்தில் உண்டாக்கினால் அது அதனினும் பெரிய குற்றம். 'இவர் இனித் தரமாட்டார்' என்று உடையவர் நம்பிக்கை இழந்து கைவிடும்போது களவு முற்றுப்பெறுகிறது. அப்பிக்கு சங்கத்தில் இருக்கும் தகுதியை இழக்கிறார்.

இவ்விதி துறவிகளுக்கு உரியது. இல்லறத்தாரை அது தண்டிப்பதில்லை. ஆயினும் களவு என்பது யாது என்ற ஆராய்ச்சி இருவருக்கும் பொதுவானதே. இதில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. பொருள் முதலிலிருந்தே ஒருவர் கையில்தான் இருக்கிறது. புதிதாக எதையும் அவர் எடுக்கவில்லை. அப்படியானால் எந்தக் கணத்தில் அது களவாயிற்று? உடையவரின் நம்பிக்கை அறுந்த கணத்தில். "அடுத்த வாரம் வாருங்கள்", "தம்பி வெளியூர் போயிருக்கிறான்", "கணக்குப் பார்க்க வேண்டும்" என்று ஒருவரைப் பலமுறை நடக்கவிடும் வீட்டுக்காரர் தம் கை சுத்தம் என்று எண்ணியிருக்கலாம். நடக்கிறவரோ கூலியை இழந்து, பேருந்துச் செலவு செய்து, கடைசியில் ஒருநாள் "போகட்டும்" என்று திரும்பிவிடுகிறார். அந்தப் "போகட்டும்" என்ற சொல் மன்னிப்பன்று, தானமுமன்று. களவு முடிந்ததற்கு அதுவே அடையாளம்.

வீட்டுக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. அதை மறைத்தல் தகாது. முன்பின் அறியாத ஒருவரை வீட்டில் வைக்கிறார். வாடகை கொடாதவரை வெளியேற்ற வழக்கிட்டால் ஆண்டுகள் செல்லுகின்றன. ஓர் அறையின் வாடகையால் உயிர்வாழும் கைம்பெண்ணும் வீட்டுக்காரர்தாம். ஆகையால் காப்புப் பணம் கேட்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. தவறு அதன் பின்னரே தொடங்குகிறது. வாங்கிய பணம் கடனை அடைக்கவும் கலியாணத்துக்கும் செலவாகிவிடுகிறது. பின்னர், "அடுத்த குடித்தனம் வரட்டும், அவர்கள் முன்பணத்தில் தருகிறேன்" என்கிறார். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மாதம் 8,000 ரூபாய் வாடகை கொடுக்கும் குடும்பம் பத்து மாத முன்பணமாக 80,000 ரூபாயை முடக்கியிருக்கிறது. வேறு வீடு புகுமுன் அங்கும் அவ்வளவு பணம் கட்டவேண்டும். பழைய பணம் வராமையால் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. ஆக, வீட்டுக்காரர் செய்த செலவுக்கு வட்டி கட்டுகிறவர் குடியிருந்தவரே.

பகவன் புத்தர் அநாதபிண்டிகருக்கு உரைத்த இல்லறத்தார் இன்பங்கள் நான்கு: பொருள் உடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, குற்றமின்மை. முன்பணத்தைச் செலவழித்த வீட்டுக்காரர் இவற்றுள் மூன்றாவதை இழந்தவர். தம்மைச் சொத்துடையவராகவே கருதிக்கொண்டிருப்பினும், தம் வீட்டில் குடியிருப்பவருக்கே அவர் கடனாளி.

வெள்ளையடித்தல், வர்ணம் பூசுதல் என்னும் பெயரால் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பெங்களூரில் பரவியுள்ள வழக்கம். கூட்டுப்பொருள் யாவும் தேய்ந்தழியும் இயல்பின என்பதை நாம் அறிவோம். குடியிருந்தால் சுவர் மங்கும், கதவு தேயும். அத்தேய்மானத்துக்கு விலையாகத்தான் மாதந்தோறும் வாடகை கொடுக்கப்பட்டது. அதையே இரண்டாம் முறை பிடித்தல் நேர்மையன்று. குடியிருந்தவர் கவனமின்மையால் உடைந்த கண்ணாடி, பெயர்ந்த கதவு, அடைபட்ட குழாய் ஆகியவற்றுக்கு ஈடு கேட்பது நேர்மையே. காலம் செய்ததற்கும் கை செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை நடுநிலையோடு காணவேண்டும்.

இனி மின்கட்டணம். பல குடும்பங்களுக்கு ஒரே இணைப்பு. உள்ளே தனித்தனிச் சப் மீட்டர். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். மூன்று குடும்பங்கள் இரண்டு மாதத்தில் 600 யூனிட் செலவிட்டன. வந்த கட்டணம் 3,000 ரூபாய். யூனிட்டுக்கு 5 ரூபாய் ஆகிறது. வீட்டுக்காரர் 8 ரூபாய் வீதம் 4,800 வாங்கினால், 1,800 ரூபாய் எவர் கொடுத்தது? எதற்காகக் கொடுத்தது? "இதுதான் எங்கள் வீட்டு ரேட்" என்று முன்பே சொன்னதனால் மட்டும் அது நியாயமாகிவிடாது. வீடில்லாதவர் தலையாட்டியது சம்மதமா, வேறு வழியின்மையா என்பதைக் கேட்டவர் நெஞ்சே அறியும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கர்நாடகத்தில் 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதித் திட்டம், மாதம் 200 யூனிட்டுக்கு உட்பட்டு வாடகைக் குடியினருக்கும் உரியது. அரசு ஏழைக்கு விட்டுக்கொடுத்ததை இடையில் நின்று வாங்கிக்கொள்வது இரண்டாம் சீலத்துக்கு நேர் விரோதம். ஒரே இணைப்பில் பலர் சேர்வதால் மொத்தச் செலவு ஏறி, உயர்ந்த கட்டணப் படிக்குப் போவதும் உண்மை. அந்தச் சுமையை வீட்டுக்காரர் ஒருவரே தாங்கவேண்டியதில்லை. வந்த சீட்டைக் காட்டி, யூனிட் வீதம் பங்கிட்டால் எவருக்கும் மனக்குறை இராது. லாரித் தண்ணீர்க்கும் இதுவே முறை.

குடியிருப்போரையும் ஒரு வார்த்தை கேட்கிறோம். வீட்டை விடும் நாளில் மின்கட்டணப் பாக்கியைச் சொல்லாமல் போவது, மீட்டருக்கு முன்னிருந்தே கம்பி இழுத்துக்கொள்வது, உடைந்ததைப் படத்தால் மறைத்துவிட்டுச் சாவியைக் கொடுப்பது, இவை எதிராளியிடம் பணமிருக்கிறது என்பதனால் குற்றமற்றவையாகிவிடா. வீடும் ஓர் அடைக்கலமே. முன்பணம் வீட்டுக்காரரிடம் இருப்பதுபோல, வீடு குடியிருப்பவரிடம் இருக்கிறது. பிறர் பொருள் தம் கையிலிருக்கும் நிலை இருவருக்கும் ஒன்றே.

நடைமுறையில் செய்யத்தக்கவை சில. முன்பணத்துக்கு ரசீது எழுதுக. அதில் 'திருப்பித் தரவேண்டிய காப்புப் பணம்' என்று தெளிவாகக் குறிக்க. குடிபுகும் நாளில் சுவர், கதவு, குழாய், மீட்டர் எண் ஆகியவற்றை இருவரும் கூடிப் பார்த்துப் படமெடுத்து வைக்க. பிடித்தம் உண்டாயின் எழுத்தில் கணக்குக் கொடுக்க. வீட்டுக்காரர் முன்பணத்தின் ஒரு பகுதியையேனும் வங்கியில் தனியே வைக்க. இயலாதவர் குறைவாக வாங்குக. திருப்பிக் கொடுக்க முடியாத அளவுக்குப் பிறர் பொருளை ஏற்பதே முதற்பிழை. தகராறு எழுந்தால், இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரிடம் சீட்டுகளுடன் சென்று பேசி முடிக்க. முடியாவிடில் சட்டத்தின் கதவைத் தட்டுவதில் இழிவு யாதுமில்லை.

சாவியைக் கொடுக்க வருகிறவர், பணம் கிடைக்குமோ என்ற கலக்கத்தோடு வருகிறார். கணக்கை எழுதி, எஞ்சியதை எண்ணி அன்றே கையில் கொடுத்துவிட்டால், அவ்வையத்துக்கே இடமிராது. இரண்டாம் சீலம் அந்த வாசற்படியில் வீட்டுக்காரரிடம் வேண்டுவது இவ்வளவே.