அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வந்தால்?

காதலிப்பவர் நம்மை ஏமாற்றுகிறார் என்று சந்தேகம் வருகிறது. அவரைப் பின்தொடர ஒரு தனியார் துப்பறிவாளரை வைக்கலாமா?

"உண்மையைத் தெரிஞ்சிக்கிறதுல என்ன தப்பு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். திருமணமாகி, பிள்ளைகளும் இருந்து, கேட்கும்போதெல்லாம் "எல்லாம் உன் கற்பனை" என்றே பதில் வாங்கும் ஒரு மனைவிக்கு ஆதாரம் தேவைப்படலாம். முஸ்லிம் அல்லாதோருக்கான நம் நாட்டின் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம், துணையின் கள்ள உறவையும் திருமண முறிவுக்கு ஒரு சான்றாகப் பார்க்கிறது. அங்கே துப்பறிவாளரின் அறிக்கைக்கு வேலை இருக்கிறது.

ஆனால் நம் வயதுக் காதலில் அந்த அறிக்கையை வைத்து என்ன செய்வது? பிரிந்து போக நமக்கு நீதிமன்றமும் வேண்டாம், ஆதாரமும் வேண்டாம்.

'மாட்டிக்கிட்டா என்ன செய்யலாம்' என்றுதான் எல்லாரும் யோசிக்கிறோம். ஒன்றுமே இல்லை என்று வந்தால்? இரண்டு வாரம் வகுப்புக்குப் போனார், எல்ஆர்டி ஏறினார், வீட்டுக்குத் திரும்பினார், அவ்வளவுதான். இப்போ அவர்கிட்ட சொல்வீங்களா? சொன்னால், "என்னை ஆள் வச்சுப் பார்த்தியா?" என்ற கேள்விக்கு என்ன பதில்? சொல்லாவிட்டால், இந்த உறவில் எதையோ மறைப்பவர் இனி நீங்கள்தான்.

அதோடு சந்தேகம் தீருமா என்றால், அதுவும் இல்லை. நான் பொறியியல் மாணவன். ஒரு சென்சார் தன் முன்னால் நடப்பதை மட்டுமே அளக்கும். இரண்டு வாரம் அலாரம் அடிக்கவில்லை என்பது மூன்றாவது வாரத்துக்கு உத்தரவாதம் இல்லை. சீதை தீயில் இறங்கி நிரூபித்த பிறகும் ஊர் வாய் ஓயவில்லை என்று உத்தர காண்டம் சொல்கிறதே! நம்ப மறுக்கிற மனசுக்கு எவ்வளவு ஆதாரமும் போதாது.

சிலர் காசை மிச்சப்படுத்த தாங்களே பின்தொடர்கிறார்கள். கவனம். ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர்ந்து அச்சுறுத்துவது மலேசியாவில் 2023 முதல் தண்டனைச் சட்டப்படி குற்றம்.

நேரில் கேட்பது கஷ்டம்தான். பொய் சொல்லலாம், சண்டை வரலாம். ஆனாலும் கேளுங்கள். பதிலை நம்ப முடிந்தால் சேர்ந்து இருங்கள். என்ன சொன்னாலும் நம்பவே முடியலைன்னா, மரியாதையோடு விலகிடுங்க. அதுக்குப் போட்டோ எதுவும் தேவையில்லை.