கை நீட்டிய நாளும் கை வைத்த நாளும்

அவுரி தருகிறேன் என்று சொல்லி ஒருவர் முன்பணம் வாங்குகிறார். பிறகு தரவில்லை. இது குற்றமா? 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 415-ஆம் பிரிவில் இதையே எடுத்துக்காட்டாக வைத்து இரண்டு பதில் சொன்னது. பணம் வாங்கும்போதே சரக்கைத் தரும் எண்ணம் இல்லையென்றால் அது ஏமாற்றுக் குற்றம். வாங்கும்போது தர நினைத்து, பின்னால் வாக்குத் தவறியிருந்தால் அது சிவில் கோர்ட்டுக்குப் போகவேண்டிய ஒப்பந்த மீறல் மட்டுமே. பணமும் அதேதான், வராத சரக்கும் அதேதான். வாங்கிய நேரத்தில் மனசு எப்படி இருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. ஊரே அறிந்த 420, இப்போது 318(4). அதற்குரிய ஏழாண்டு வரையிலான சிறையில் மாற்றமில்லை. சாதாரண ஏமாற்றுக்கு ஓராண்டாக இருந்த உச்ச தண்டனை மூன்றாண்டாகியிருக்கிறது. நம்பி ஒப்படைத்ததைக் கையாடும் நம்பிக்கை மோசடி, 405, 406-இலிருந்து 316-க்கு வந்து, மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாகியிருக்கிறது. அரசு ஊழியரோ வங்கியரோ செய்தால் ஆயுள் வரை போகலாம் என்பது அன்றும் இன்றும் ஒன்றே. பிரிவு எண் மாறியது, தண்டனை கூடியது. குற்றத்தின் இலக்கணம் மாறவில்லை.

அந்த இலக்கணத்தைப் பலரும் இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள். குதிரைத் தீவனம் சப்ளை செய்த ஒருவர், பாக்கி வரவில்லை என்று டெல்லி ரேஸ் கிளப் மீது தொடுத்த வழக்கை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரே சம்பவத்தில் ஏமாற்றும் நம்பிக்கை மோசடியும் சேர்ந்து இருக்க முடியாது என்று நீதிபதிகள் பர்திவாலாவும் மனோஜ் மிஸ்ராவும் தெளிவாகச் சொன்னார்கள். ஏமாற்றில் கெட்ட எண்ணம் தொடக்கத்திலேயே இருக்கவேண்டும். நம்பிக்கை மோசடியில் பொருள் முறையாகக் கைக்கு வந்து, பிறகுதான் எண்ணம் கெடுகிறது.

வக்கீல்களுக்கான நுணுக்கம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றுகிறவர் கை நீட்டும்போதே கெட்டவர். நம்பிக்கை மோசடி செய்தவரோ, வாங்கிய நாளில் நாணயமானவர். அவரை நம்பியவர்கள் ஆள் தெரியாமல் நம்பவில்லை. சரியான ஆளைத்தான் நம்பினார்கள். நடுவில் என்ன நடந்தது?

ஒரு தெருவின் திருவிழா வசூல், பொருளாளர் வீட்டு பீரோவில் மஞ்சள் பையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட நாளைதான் கடைசி நாள். சம்பளம் வர இன்னும் ஒரு வாரம். பையிலிருந்து சில ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுக்கிறார். சம்பளம் வந்ததும் மறக்காமல் வைத்தும்விடுகிறார். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை எடுக்கும் தொகை பெரிது. திருப்பி வைக்கும் நாள் தள்ளிப்போகிறது. திருட வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. 'அப்புறம் வைத்துவிடலாம்' என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தார்.

இந்தச் சமாதானத்தைச் சட்டம் முன்பே அறிந்திருக்கிறது. கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்றாலும் நேர்மையற்ற கையாடல் கையாடலே என்று பழைய சட்டத்தின் 403-ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்தின் 314-உம் அதையே சொல்கிறது. பிறருக்குச் சொந்தமான அரசுக் கடன் பத்திரம் ஒன்று கிடைத்து, அது யாருடையது என்று தெரிந்தும் அதை அடகு வைத்துக் கடன் வாங்குகிறவர், பின்னால் திருப்பித் தரும் எண்ணத்தோடு செய்தாலும் குற்றவாளிதான்.

தொழிலாளியின் சம்பளத்தில் பிஎஃப் பிடித்துவிட்டு, நிதியில் கட்டாமல் தொழிலுக்குச் சுழற்றும் முதலாளிக்கும் இதே கணக்கு. அந்தப் பணம் தொழிலாளியின் கைக்கு வந்ததே இல்லை. ஆனாலும் அவர் நம்பி ஒப்படைத்ததாகவே சட்டம் அதைக் கருதுகிறது. மனைவியின் சீதன நகையை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுக்கும் கணவரும் நம்பிக்கை மோசடிக் குற்றத்தில் வருவார் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவர்களில் யாரும் முகமூடி போட்டு வந்தவர்கள் இல்லை. எல்லாரும் நம் வீட்டுக்குள் இருப்பவர்கள்.

ஆகவே ஒருவர் நல்லவர் என்று தெரிந்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிடவில்லை. அடுத்தவர் பொருள் கையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் நாணயம் புதிதாகக் காக்கப்படவேண்டும். மனிதர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தேவை நெருக்கும்போது தனியாக விடப்பட்டால் தடுமாறுவார். 'என்னையே சந்தேகப்படுகிறாயா?' என்ற கேள்விக்குப் பயந்து, சங்கத்திலும் குடும்பத்திலும் கணக்குக் கேட்காமல் இருந்துவிடுகிறோம். அதை மரியாதை என்று நினைக்கிறோம். உண்மையில், நம்பிய மனிதரை அவருடைய பலவீனத்தோடு தனியே விட்டுவிடுகிறோம்.

பணம் போன பிறகு குற்றத்தை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று சட்டம் சொல்லும். பணம் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. நம்பி ஒப்படைத்தவரே, கூச்சப்படாமல் கணக்குக் கேளுங்கள். பொறுப்பில் இருப்பவரே, யாரும் கேட்கும் முன்பே கணக்கைக் காட்டுங்கள்.