பக்குவம் என்கிற பழுது

25 வருஷங்களாக என்னிடம் ஒரு ஜோடி ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. வாங்கியபோது என் சக்திக்கு மீறிய விலை. வருஷம் ஏற ஏற அவற்றின் ஒலி கனிந்து வருவதாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வயலினில் வில் உராய்வது கேட்பதில்லை, நாதம் மட்டும் வருகிறது என்று. இதை ஒரு ரசனைத் தீர்ப்பாகவே சொன்னேன்.

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். வயது 19. ஒரு கச்சேரி இசைத்தட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏன் மாமா, தம்புரா கம்பளிக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?" என்றாள்.

எரிச்சலோடுதான் சோதிக்க ஆரம்பித்தேன். வலது பெட்டி கூடுதல் மந்தம். ஆம்ப்ளிஃபயரில் இடது வலது ஒயர்களை மாற்றிப் பொருத்தினேன். குறை இடம் மாறவில்லை. ஆகவே பழுது பெட்டியில். மேல் ஸ்தாயிக்கென்று இருக்கும் சின்னக் குமிழை, ட்வீட்டரை, கழற்றி மீட்டர் வைத்தேன். 6 ஓம். கம்பிச்சுருள் அறுபடவில்லை. மீட்டரின் கணக்கில் அது உயிரோடிருந்தது.

பழுது பார்ப்பவர் பிரித்துக் காட்டினார். சுருள் அசையும் காந்த இடுக்கில் ஒரு திரவம் இருக்கும்: எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய காந்தத் துகள்கள். எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க முடியுமா என்று பார்த்து 1963-ல் நாஸாவில் ஸ்டீவ் பாப்பெல் செய்தது. ட்வீட்டரில் அது சுருளின் சூட்டை வாங்கிக்கொள்ளும், மிகை அதிர்வை அடக்கும். பல வருஷங்களில் உலர்ந்து பசையாகிவிட்டால் சுருளையே பிடித்துக்கொள்ளும். எரிந்துபோன ட்வீட்டர் நேர்மையானது, ஒரேயடியாக வாயை மூடிவிடும். இது தினம் ஒரு மயிரிழை குறைந்தது. அந்தக் குறைவுக்குப் பக்குவம் என்று பெயர் வைத்தவன் நான்.

இன்னொரு சாட்சியும் கெட்டிருந்தது. இளம் காது விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரை கேட்கும்; வயதில் முதலில் உதிர்வது அந்த மேல் நுனிதான். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அளவுகோலும் அளக்கப்படுவதும் சேர்ந்தே சுருங்கினால் சுருக்கம் எங்கே தெரியும்?

அதற்காக எல்லாப் பக்குவமும் இழப்புதான் என்று சொல்வது சுலபமான அவநம்பிக்கை. வில்லின் உராய்வைக் கேட்டு, அதைத் தாண்டி நாதத்துக்குப் போகிறவனிடம் பக்குவம் இருக்கிறது. உராய்வே கேட்காதவன் எதையும் தாண்டவில்லை. பல் போனபின் முறுக்கை விட்டவன் துறவியல்ல.

இரண்டு ட்வீட்டர்களையும் சேர்த்தே மாற்றினேன். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மாற்றிய பிறகு உட்கார்ந்து கேட்டேன். எனக்குத் தெரிந்த வித்தியாசம் கொஞ்சம். அவளோ தம்புராவில் ஜீவா திரும்பிவிட்டது என்றாள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகும் அந்த நூலிழையால் எழும் ரீங்காரம். அதில் பாதிதான் என் காதுக்கு எட்டியது.

எனக்குக் கேட்காததைச் சரிசெய்வது என் கடமையா? ஆம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். என் காது எட்டாத இடத்தில் சங்கீதம் முடிந்துவிடுவதில்லை. அடுத்தவர் காதை நம்புவதுகூடப் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம், பத்து வருஷத் தீர்ப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது.

இந்தப் பத்து வருஷங்களில் எத்தனை இளம் கவிகளைக் 'காதைக் கீறுகிறார்கள்' என்று எழுதியிருக்கிறேன். அந்த மதிப்புரைகளை இனி அவள் வயதில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.