தகரக் கொட்டகையில் தூங்குபவர்

இரவுக் காவலர்களை கூர்க்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அது ஒரு மாவட்டத்தின் பெயரும் என்பது எங்கள் குடியிருப்புக் காவலரிடம் பேசிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் நிஜமாகவே நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்துக்காரர். 2015 ஏப்ரல் 25 அன்று வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தின் மையம், அங்குள்ள பார்பாக் கிராமத்துக்குப் பக்கத்தில். ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அது சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பிள்ளைகளோ.

அவருடைய அப்பா புது வீட்டில் தூங்குவதில்லை. வீடு கட்ட அரசு 3 லட்சம் நேபாள ரூபாய் கொடுத்தது: 50,000, 1,50,000, 1,00,000 என மூன்று தவணை. பொறியாளர் வந்து பார்த்து, சரி என்றால்தான் அடுத்தது. "எல்லா தவணையும் வந்துடுச்சு சார். வீடு பாஸ். உள்ள மக்காச்சோளம் இருக்கு. அப்பா மட்டும் பக்கத்துல தகரக் கொட்டகைல படுக்கிறார்." ஊரில் அவரைத் தைரியசாலி என்கிறார்களாம். இடிபாட்டில் கல் பொறுக்கி முதலில் கட்டி முடித்தவர் அவர்தான்.

நான் மென்பொருள் ஆள். என் வேலையில் 'ரெசிலியன்ஸ்' என்பது பெரிய பாராட்டு. ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். ஆப்பைப் பயன்படுத்துகிறவருக்கு எதுவும் நடந்ததே தெரியக்கூடாது, அதுதான் அளவுகோல். பேரிடர் பற்றிய கட்டுரைகளில் கிராம மக்களின் 'மீண்டெழும் திறன்' என்று படிக்கும்போது இந்த அளவுகோல்தான் எனக்கு நினைவுக்கு வந்து உறுத்துகிறது. விழுந்தது தெரியக்கூடாது என்றால், யாருக்கு? தூரத்திலிருந்து பார்க்கிற நமக்குத்தானே! அந்தத் தைரியசாலிப் பட்டம் அப்பாவுக்கு உதவியதாகத் தெரியவில்லை. அதை வாங்கிய பிறகு, ராத்திரி பயமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

அந்தப் பயம் தப்பா என்பது அடுத்த சிக்கல். மே 12 அன்று 7.3 அளவில் மறுபடி ஒன்று வந்தது. பதினேழு நாள் வெளியே படுத்திருந்தவர்களின் பயம் அன்று சரியான கணிப்பு. 2015 மே மாதத்தில் புத்திசாலித்தனமாக இருந்த அதே செயல் எந்தத் தேதியிலிருந்து நோய் ஆகிறது? சரியாக ஒலித்த ஒரு அலாரத்தை எப்போது அணைக்கலாம் என்பதற்கு எங்கள் அலுவலகத்திலேயே தீர்மானமான விதி கிடையாது. அதற்காக, அது அவர்கள் வாழ்க்கை முறை என்று ரசித்துவிட்டு நகரவும் எனக்கு மனசு வரவில்லை. குளிர்காலத்தில் மலையில் தகரத்துக்குக் கீழே ஒரு கிழவர் படுத்திருக்கிறார். கிராமத்தில் ஒருத்தருக்கொருத்தர் துணை என்பார்கள். பிள்ளைகள் பாதிப் பேர் கத்தாரிலும் மலேசியாவிலும். இவர் இங்கே நம் கேட்டில்.

அப்பாவை டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன்.

"திமாக் நல்லாத்தான் இருக்கு சார். கணக்கெல்லாம் கரெக்டா சொல்வார். மன் தான்."

நேபாளியில் இரண்டும் வேறு. மன் என்பது ஆசையும் நினைவும் வலியும் இருக்கும் இடம். அது எல்லாருக்கும் நோகும். திமாக் தலையில் இருக்கும் புத்தி. அது கெட்டால் பைத்தியம், குடும்பத்துக்கே அவமானம். நமக்கும் அப்படித்தான். 'மனசு சரியில்ல' என்று சொல்லி ஒரு நாள் லீவு எடுக்கலாம். 'மூளை சரியில்ல' என்றால் வீட்டில் கல்யாணப் பேச்சே நின்றுவிடும். உளசமூக ஆலோசனைக்கு நேபாளியில் உள்ள சொல்லும் 'மனோ' என்றுதான் தொடங்குகிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் அவரிடம் யாராவது பேசத் தொடங்கலாம். ஆனால் மன் தானே, எல்லாருக்கும் இருப்பதுதானே என்று அதே சொல்லால் விட்டுவிடவும் முடிகிறது. இத்தனை வருஷமாக நடந்தது இரண்டாவதுதான்.

தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போகிறார். இந்த முறையாவது அப்பாவை உள்ளே படுக்கச் சொல்லுங்கள் அண்ணே என்றேன்.

"சொல்ல மாட்டேன் சார். நானும் கொட்டகைலதான் படுப்பேன். அவர் தனியா இருக்கார்ல."