தலையில் எழுதியதா, தண்ணீரில் கரைந்ததா?

என் வகுப்பிலே ஒரு சிறுமி. எவருக்கும் முந்தி விடை கூறுவாள். சிரிப்பு வந்துவிட்டாலோ கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நாணமல்ல, தோழர்களே! பற்களிலே பழுப்புக் கறை. "தலையெழுத்து" என்கிறார் அவள் பாட்டி. முழங்கால் மடங்காத அந்த மூதாட்டி தமக்குக் கூறிக்கொள்ளும் ஆறுதலும் அதுவே.

தலையெழுத்தா? எழுதியவன் பிரம்மன் அல்லன்; பாறை! தருமபுரி மண்ணுக்கடியில் உள்ள கடும்பாறையிலிருந்து கரைந்து, ஆழ்குழாய்க் கிணற்று நீரிலே கலக்கும் ஃபுளோரைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. மிஞ்சினால், பிள்ளைப் பருவத்தில் பல்லிலே கறை. பல்லாண்டு பருகினால் எலும்பிலே இறுக்கம்.

பெரியம்மையையும் இப்படித்தான் 'ஆத்தாள் விளையாட்டு' என்றனர். வேப்பிலை செருகினர், கூழ் ஊற்றினர், குழந்தைகளைப் புதைத்தனர். பிரெஞ்சு மன்னன் பதினைந்தாம் லூயி, பொன் குவிந்த அரண்மனையிலே 1774-இல் அந்நோய்க்கே இரையானான். 1796-இல் ஜென்னர் அம்மை குத்தும் வழியைக் காட்டினார். 1980-இல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மன்னன் பொன்னால் வாங்க முடியாத பாதுகாப்பை, கேழ்வரகு விளைவிக்கும் ஏழையின் குழந்தை இன்று பெற்றிருக்கிறது!

நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டு. இன்று 70-ஐ ஒட்டி நிற்கிறது. பிரம்மன் ஏட்டைத் திருத்தினானா? தடுப்பூசி திருத்திற்று, மருந்து திருத்திற்று, தூய நீரும் தாய்மார் கல்வியும் திருத்தின.

செல்வம் பெருகினால் நலம் தானே வரும் என்பாரும் உளர். செல்வம் வேண்டியதே. ஆனால் வருவாய் குறைந்திருந்த காலத்திலேயே கேரளமும் இலங்கையும் மக்களின் ஆயுளை உயர்த்திக் காட்டின. பள்ளியும் மருத்துவமனையும் சிற்றூர்வரை சென்றதன் விளைவு அது. செல்வம் தானாக நடந்துவந்து குடிசையின் குடத்தை நிரப்புவதில்லை.

இந்த ஃபுளோரைடு நோய், சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் 1937-இலேயே கண்டறியப்பட்டது. அன்று சேலத்தோடு இணைந்திருந்த தருமபுரியும் அதே மாகாணத்தில்தான் இருந்தது. ஒகேனக்கல்லிலே காவிரியும் வீழ்ந்துகொண்டுதான் இருந்தது. அந்த நீரைக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல். ஜப்பானின் கடனுதவியோடு, 2013-இல் திறப்பு. இடையிலே 76 ஆண்டுகள்! அந்நாட்களில் வளைந்த எலும்புகளுக்கு எவர் பொறுப்பு?

காரணம் அறியாத காலத்தில் நோய் துன்பம். அறிந்தபின், தீர்க்கும் வழியிருந்தும் தீர்க்காமல் விடுவது அநீதி. விதி என்ற சொல் அந்த அநீதிக்குப் போர்வையாகிறது. கேட்க வேண்டியவனின் வாயையும் அடைக்கிறது.

பகுத்தறிவாளரே, நமக்கும் ஒரு சொல். பிரம்மனை எள்ளி நகையாடுவது எளிது. குழாய் வறண்ட நாளில் தெருவின் குடங்கள் எந்தக் கிணற்றில் நிரம்புகின்றன என்று சென்று பார்ப்பதும், அந்நீரைச் சோதிக்கச் சொல்வதும், குழாயில் காவிரி வரும்வரை கேட்பதுமே பகுத்தறிவின் பணி.

அந்தச் சிறுமியின் பற்கறை தானாக மறையாது. அவளுக்கொரு தங்கை இருக்கிறாள். இன்னும் பால்பற்கள் விழவில்லை. அவள் வாய்விட்டுச் சிரிப்பாளா என்பதை நாம்தான் எழுத வேண்டும்.