மிச்சத்துக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். விருந்து மேசையின் நடுவில் முழுதாகச் சுட்ட வான்கோழி இருக்கும். ஏழு கிலோ எடையுள்ள உறைந்த பறவை ஃபிரிட்ஜுக்குள் பனி விட்டு இளகவே மூன்று நாள் ஆகிவிடும். அடுப்பில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தின்று முடிக்க ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படாது. பிறகு தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்து. டெட்ராய்ட் அணி 1934இலிருந்து, போர்க்கால ஆண்டுகள் சில தவிர, அந்த நாளில் ஆடிவருகிறது. விருந்துக்குப் பிந்தைய ஓய்வுக்கு அத்தனை நீண்ட மரபு. யாருடைய ஓய்வு என்று கேட்பதில்லை.

மறுநாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்தால் பாதிப் பறவை அப்படியே இருக்கிறது. நான் பேச விரும்புவது அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி.

மிஞ்சிய வான்கோழியை என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு அங்கே ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. எலும்புக்கூட்டை வெங்காயம், கேரட், செலரியோடு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுச் சாறு இறக்கி சூப் வைக்கலாம். பிய்த்த இறைச்சியை வெள்ளை சாஸில் பட்டாணியோடு கலந்து, மேலே மாவு மூடி போட்டுப் 'பாட் பை' சுடலாம். ஸ்பகெட்டி, காளான், கிரீம், சீஸ் சேர்த்தால் டெட்ராஸினி. லூயிசா டெட்ராஸினி என்ற இத்தாலிய ஓபரா பாடகியின் பெயர் அந்த உணவுக்கு. நியூ ஆர்லியன்ஸில் எண்ணெயில் மாவைக் கருஞ்சிவப்பாகும்வரை கை ஓயாமல் கிளறி, எலும்புச் சாறு ஊற்றிக் 'கம்போ' காய்ச்சுவார்கள். மசித்த உருளைக்கிழங்கு கட்லெட் ஆகிறது. கிரான்பெர்ரி சாஸ் சாண்ட்விச்சுக்குள் போகிறது. பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வான்கோழி இரண்டொரு நாளில் 'கறி' ஆகிவிடும். நம்மிடமிருந்து போன சொல், அங்கே மிச்சத்தை மறைக்கும் மஞ்சள் குழம்பாகப் பிழைத்துக்கிடக்கிறது.

இந்த அறிவைக் குறைத்துப் பேச முடியாது. வான்கோழியின் மார்புக் கறியில் கொழுப்பு குறைவு. இரண்டாம் முறை சூடாக்கினால் நார்நாராக வறண்டுபோகும். அதனால்தான் மேலே சொன்ன உணவுகளில் பெரும்பாலானவற்றில் சாறோ சாஸோ இருக்கிறது. தொடைக் கறி மறுசூட்டைத் தாங்கும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. ஆக, இது கெடு வைத்த வேலை. ஒரே இறைச்சியை அத்தனை நாளும், 'திரும்பவும் அதேவா?' என்று யாரும் முகம் சுளிக்காதபடி பரிமாறியாக வேண்டும். படைப்பாற்றல் என்று இங்கே பாராட்டப்படுவதில் பெரும்பகுதி அந்த முகச்சுளிப்பைத் தவிர்ப்பதற்காகச் செலவாவதுதான்.

உணவை வீணாக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஓர் உயிரைக் கொன்று பாதியைக் குப்பையில் போடுவது தவறு. அதை வளர்த்தவரின், இறைச்சி ஆலையில் நின்று வெட்டியவரின் உழைப்பும் கூடவே குப்பைக்குப் போகிறது. ஆனால் இந்தக் கடமை யாருடையது? கொன்று தின்றதிலிருந்து அது பிறக்கிறது என்றால், மேசையில் உட்கார்ந்த பன்னிரண்டு பேருக்கும் அது சமம். சமைத்தவளுக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. பார்க்கப்போனால் அவள் தன் பங்கை ஏற்கெனவே செலுத்திவிட்டாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு பேரின் கடமை ஒருத்தியின் 'கைமணம்' ஆகிவிடுகிறது. பலர் பொறுப்பை ஒருவர் தலையில் கட்டினால் அநியாயம் என்போம். அதையே அவள் திறமை என்று புகழ்ந்துவிட்டால் அப்படிச் சொல்லத் தோன்றுவதில்லை.

அளவுக்கு மீறிச் சமைத்தது அவள்தானே என்று கேட்கலாம். குறைவாகச் சமைத்திருந்தால் என்ன பேச்சு கேட்டிருப்பாள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மிஞ்சினால் ஊதாரி, போதாவிட்டால் கஞ்சம்.

அந்த மேசையில் இன்னொன்றும் நடக்கிறது. முழுப் பறவையை எல்லோர் முன்னிலையிலும் அறுக்கும் கத்தி, வழக்கப்படி வீட்டு ஆணின் கையில். அதற்குக் கைதட்டல்கூட உண்டு. எலும்பில் ஒட்டியிருக்கும் கறியை விரல் பிசுபிசுக்கப் பிய்த்தெடுப்பது, யாரும் பார்க்காத அடுக்களையில், பெண்ணின் வேலை. சமூகவியலாளர் மார்ஜோரி டிவால்ட் குடும்பத்துக்கு உணவளிக்கும் வேலையைப் பற்றி 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். சமைப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கிற யோசனையும் திட்டமிடலும் செய்பவளுக்கே வேலையாகத் தெரிவதில்லை என்று அதில் காட்டினார். ஃபிரிட்ஜின் மூலையில் அரைக் கிண்ணம் கிரேவி இருப்பதை நினைவில் வைத்திருப்பதும் வேலைதான்.

இந்த விருந்தைத் தேசிய விழாவாக்கியதே பெரிதும் ஒரு பெண்ணின் எழுத்து. 'மேரியின் ஆட்டுக்குட்டி' பாட்டை எழுதிய சாரா ஜோசஃபா ஹேல், ஐந்து குழந்தைகளோடு விதவையானவர். பெண்கள் இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் தலையங்கங்களும் கடிதங்களும் எழுதினார். 1863இல் லிங்கன் அறிவிப்பு வெளியிட்டார். பெண் கல்விக்காக வாதாடிய ஹேல், பெண்களின் வாக்குரிமையை ஏற்கவில்லை. லிடியா மரியா சைல்டு வேறு வகை. 1829இல் அவர் எழுதிய இல்லச் சிக்கனக் கையேடு, துண்டு துணுக்கு எதையும் வீணாக்காதே, நேரத்தின் துணுக்கைக்கூட, என்ற கருத்தோடு தொடங்குகிறது. கணவர் கையில் காசு நிற்காது. எழுதிச் சம்பாதித்தவர் இவர். 1833இல் அடிமைமுறைக்கு எதிராக ஒரு நூல் வெளியிட்டதும் வாசகர்கள் விலகினார்கள், விற்பனை சரிந்தது. மிச்சம் பிடிப்பது எப்படி என்று சொல்லும்வரை அவர் நல்ல பெண்மணியாக இருந்தார்.

தமிழில் 'மிச்சம்' என்றால் மீந்த சோறும்தான், சேமித்த காசும்தான். நூறு ரூபாய் மிச்சம் என்கிறோம். வெள்ளிக்கிழமை சூப்பினால் வீட்டுக்குக் காசு மிச்சம். அவளுடைய நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. 1917இல் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான அமெரிக்க உணவு நிர்வாகம், போருக்காக உணவை மிச்சப்படுத்தச் சொல்லி, வீட்டுப் பெண்களிடம் உறுதிமொழி அட்டைகளில் கையெழுத்து வாங்கியது. அவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது வாக்குரிமை இல்லை.

மிச்சம் அடுக்களையை விட்டு ஆலைக்குள் போனால் அதற்குக் கண்டுபிடிப்பாளரும் வந்துவிடுகிறார். 1950களில் ஸ்வான்சன் நிறுவனத்தில் விழாவுக்கு விற்காத வான்கோழி டன் கணக்கில் தேங்கியதாகவும், அதிலிருந்தே அலுமினியத் தட்டில் உறையவைத்த 'டிவி டின்னர்' பிறந்ததாகவும் ஒரு கதை உண்டு. யோசனை தன்னுடையது என்றார் ஜெரி தாமஸ் என்ற விற்பனையாளர். உரிமையாளர் குடும்பத்தினர் மறுத்தார்கள். இந்தச் சண்டையில் காணாமல் போகிறவர் பெட்டி குரோனின் என்ற நுண்ணுயிரியலாளர். இறைச்சி, காய், கிழங்கு மூன்றும் ஒரே நேரத்தில் சரியாகச் சூடாவதற்கு வழி கண்டவர் அவர். வீட்டில் இருந்தால் கைமணம், ஆலையில் இருந்தாலும் உதவியாளர்!

இதுவரை வீட்டுக்காரியின் பக்கம் நின்று பேசினேன். அவளுக்கும் கீழே ஒருத்தி அந்த அடுக்களையில் நின்றிருக்கிறாள்.

அமெரிக்கத் தெற்கில் வெள்ளையர் வீடுகளில் சமைத்த கறுப்பினப் பெண்கள், மீந்ததை ஒரு சட்டியில் எடுத்துப்போவது வழக்கமாக இருந்தது. கூலி அவ்வளவு குறைவு என்பதால், அந்தச் சட்டியும் கூலியின் பகுதி என்றே அவர்கள் கருதினார்கள். எசமானிகளில் பலர் அதைத் திருட்டு என்றார்கள், தயாளம் காட்ட விரும்பிய சிலர் தானம் என்றார்கள். இப்படிப் பார்த்தால், ஒரு துணுக்கும் மீறாமல் வான்கோழியைத் தன் சாமர்த்தியத்தால் நான்கு நாளும் பரிமாறிவிடும் எசமானி, தன் சமையல்காரியின் கூலியில் கைவைக்கிறாள். சிக்கனம் நல்லதா என்பதற்கு அந்த வீட்டில் ஒரே பதில் இல்லை.

நமக்கும் இது அந்நியமில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வண்ணார் குடும்பத்துப் பெண்கள் மாலையில் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுத்தது வேலைக்கான கூலிதான். ஊர் அதைப் பிச்சைபோலவே போட்டது. பானையில் இருப்பது மிச்சம், இலையில் இருப்பது எச்சில் என்று நம் மொழி கோடு கிழிக்கிறது. கணவன் சாப்பிட்ட இலையில் மனைவி சாப்பிட்டால் அதற்குப் பக்தி என்று பெயர். வேலைக்காரம்மாவுக்குக் கொடுக்கும்போது மூன்றாம் நாள் பலகாரம்கூட மிச்சம்தான், எச்சில் இல்லை என்று மனசாட்சி சொல்லிக்கொள்கிறது. கொடுப்பவர் வாயால் மட்டுமே தீர்மானமாகிற கோடு இது.

1912இல் 'தி இண்டிபெண்டன்ட்' இதழில், ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பினச் செவிலித்தாய் ஒருவர் பெயர் சொல்லாமல் தன் கதையைச் சொன்னார். சட்டியைப் பற்றியும் பேசினார். அது திருட்டில்லை என்று வாதாடினார். குழந்தை பார்ப்பது, தோட்டத்துக்கு நீர் ஊற்றுவது, எசமானி கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது எல்லாம் சேர்த்து நாளுக்குப் பதினான்கு முதல் பதினாறு மணி நேர வேலை. மாதம் பத்து டாலர். சொந்தப் பிள்ளைகளைப் பார்க்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு பிற்பகல்.