வளர்க்கும் பிராணிக்கு உயிருள்ள பூச்சியை இரையாக்கலாமா?

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில், பூனை, கிளி வளர்த்த காலம் போய், ஓணான் இனத்துப் பிராணிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. ஊரில் ஓணானைக் கண்டால் கல்லெடுத்தே பழகிய பாட்டன்மார்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். 'பியர்டட் டிராகன்' எனப்படும் தாடி ஓணான் இவற்றில் பெயர் பெற்றது. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலம் அதன் தாயகம். தன் நாட்டுப் பிராணிகளை வியாபாரத்துக்காக வெளியே அனுப்புவதை அந்நாடு தடுத்திருப்பதால், பிற நாட்டுக் கடைகளில் கிடைப்பவை பெட்டியிலேயே பிறந்து வளர்ந்த சந்ததிகளாகும்.

பெற்றோரின் மனத்தை உறுத்துவது ஓணான் அல்ல, அதன் உணவே. சுவர்க்கோழிகளையும் மாவுப்புழுக்களையும் டப்பாவில் உயிரோடு வாங்கி வந்து, கையால் எடுத்துப் பெட்டிக்குள் விட வேண்டியிருக்கிறது. 'என் மகன் நாள்தோறும் ஓர் உயிரை இன்னோர் உயிருக்கு இரையாக்குகிறானே, இது பாவமாகாதா?' என்று தாய் கேட்கிறாள். 'காட்டில் நடப்பதுதானே இங்கும் நடக்கிறது' என்கிறான் மகன். இருவர் சொல்லையும் நாம் நிறுத்துப் பார்ப்போம்.

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் வீடுகளில் எல்லோரும் கேட்டறிந்ததே. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றது. அவள் தானும் அதற்கு உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்னட்டும் என்று அவிழ்த்துவிடவும் இல்லை, அதனால் நரகத்துக்கு உரியவளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பயான்களில் நாம் முதற்பகுதியை விரித்துச் சொல்லிவிட்டு, அடுத்த பகுதியை விட்டுவிடுவதுண்டு. அங்கே வரும் 'கஷாஷுல் அர்ழ்' என்ற சொல்லுக்குப் பூச்சி, புழு முதலிய நிலத்து உயிர்கள் என்று விரிவுரையாளர்கள் பொருள் எழுதியுள்ளனர். ஆகவே, பூச்சி பூனைக்கு ரிஜ்க்காக ஆவதை நபியவர்கள் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த ரிஜ்க்குக்கும் பூனைக்கும் நடுவே ஒரு கயிற்றைப் போட்டதையே குற்றமாகச் சொன்னார்கள்.

பெட்டியின் கண்ணாடியும் அத்தகைய கயிறுதான். அதைப் போட்டவன் எவனோ, உள்ளே உணவு கொண்டுவந்து சேர்க்கும் கடமை அவனைச் சேர்ந்தது. தாடி ஓணான் முழு வளர்ச்சி பெற்றபின் பெரும்பாலும் கீரையும் இலையும் தின்னும். குஞ்சாக இருக்கையிலோ பூச்சியே அதன் முக்கிய உணவு. காய்ந்த பூச்சிகளும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் அசையாத இரையைக் குஞ்சுகள் பல வேளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பூச்சிக்கு இரங்கி ஓணானைப் பட்டினி போட்டால், பூனைக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். தாய்க்கு நாம் சொல்லும் பதில் இது: தேவைக்காக, அளவோடு கொடுப்பது பாவமன்று.

மகனின் வாதத்தை நாம் அப்படியே ஏற்க இயலாது. காட்டில் சுவர்க்கோழிக்குத் தாவ இடமுண்டு, ஒளியப் புதருண்டு, மறைக்க இருளுண்டு. அங்கே நடப்பது எந்த மனிதனுடைய அமலும் அன்று. இங்கே இரண்டையும் விலைக்கு வாங்கி, ஓட வழியில்லாத ஓரிடத்தில் சேர்த்து வைத்தவன் ஒரு மனிதன். அவன் செயல் அவன் ஏட்டில் எழுதப்படும். காட்டைக் காட்டி அவன் தப்ப முடியாது.

பூச்சிக்கு ஏது உரிமை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ள பிராணிகளைப் பற்றியே பேசுகிறது. ஓணானை வதைத்தால் வழக்கு வரும், சுவர்க்கோழியை வதைத்தால் கேட்பாரில்லை. நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் வேறு வழி சென்றன. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676) 'ரவ்ழா'வில் பிராணிகளின் நஃபகாவைக் கூறும் இடத்தில் பட்டுப்புழுவையும் சேர்த்திருக்கிறார்கள். முசுக்கொட்டை இலை தேடிக் கொடுப்பது புழுவின் உடைமையாளர் மீது கடமை. அவர் அலட்சியம் செய்தால், பயனின்றிப் புழு அழியாதிருக்க அவருடைய பொருளை விற்றாவது இலை வாங்கப்படும். பட்டு எடுக்கும் பருவம் வந்தபின், புழு சாகும் என்றாலும் வெயிலில் உலர்த்துவது ஆகும், ஏனெனில் அதில் பயன் கிட்டுகிறது. நாளை சாகப்போகும் புழுவுக்கும் இன்றைய இலை கடன் என்பது இதிலிருந்து விளங்குகிறது. பயனுக்காகச் சாவது வேறு, கவனிப்பாரின்றிச் சாவது வேறு.

டப்பாவிலுள்ள சுவர்க்கோழிகளுக்கும் இதே அளவுகோல்தான். வாங்கி வந்த டப்பாவை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டால் அவை பசியால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். காற்றோட்டமுள்ள பெரிய பாத்திரத்துக்கு மாற்றி, மறைந்துகொள்ள முட்டை அட்டைகளை வைத்து, கீரையும் காரட் துண்டும் கொடுக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால் மூழ்கிவிடும், ஈரமுள்ள காய்த் துண்டே போதுமானது. இரையாக்குவதற்கு ஒரு நாள் முன்பேனும் பூச்சிக்கு நன்றாக உணவளிக்க வேண்டும் என்று பிராணி மருத்துவர்களும் வற்புறுத்துகிறார்கள். வெறும் வயிற்றுப் பூச்சியால் ஓணானுக்குச் சத்து சேராது என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் வேறாயினும் இரு சாராரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

ஓணானுக்குள்ள உரிமையில் கவனக்குறைவு ஏற்படுவதே அதிகம். அதன் இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கலாகாது. கொடுத்தால் தொண்டையில் சிக்கும், குடல் அடைபடும். சுவர்க்கோழியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, ஆதலால் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். புற ஊதா ஒளி தரும் விளக்கும் இல்லாவிட்டால் அந்தச் சத்து உடலில் ஒட்டாது. எலும்பு மெழுகுபோல் வளைந்து, பிராணி நடக்க மாட்டாமல் கிடந்து வதைபடும். தோட்டத்தில் பிடித்த பூச்சியில் மருந்து தெளித்த நஞ்சு இருக்கக்கூடும். மின்மினியைக் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவில் மின்மினியைத் தின்று தாடி ஓணான்கள் மாண்ட செய்தி 1999-இலேயே ஆய்விதழில் வெளிவந்துவிட்டது.

இன்னொன்று, பலர் அறியாதது. ஓணான் தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை இரவில் பெட்டியிலேயே விட்டுவைத்தால், அவை பசியெடுத்து உறங்கும் ஓணானின் விரலையும் வாலையும் கடித்துப் புண்ணாக்கிவிடும். இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 660) மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை எண்ணிச் சொல்கையில், தன் இனத்தாலோ பிற இனத்தாலோ காயம் நேராதபடி அதைப் பிரித்துக் காப்பதையும் ஓர் உரிமையாக எழுதியிருக்கிறார்கள். ஒட்டகத்தையும் ஆட்டையும் மனத்தில் கொண்டு எழுதியிருக்கலாம், ஆயினும் இந்தப் பெட்டிக்கும் அது பொருந்துகிறது. அன்றன்று தின்னும் அளவே விட்டு, மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும்.

எறும்பையும் தேனீயையும் கொல்ல வேண்டாமென்று அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளது. அது தீங்கு செய்யாத பெரிய எறும்பைக் குறிக்கும் என்று சில இமாம்கள் விளக்கியிருப்பினும், இரைக்கென்று எறும்புப் புற்றைக் கிளறுவதை நாம் விரும்பவில்லை. அமெரிக்காவின் கொம்பு ஓணான் பெரும்பாலும் எறும்பையே தின்று வாழ்வது, ஆகவே அதை வளர்க்க ஆசைப்படாதிருப்பது நல்லது.

பல்லி இனத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 'லெப்பர்ட் கெக்கோ' என்று விற்கப்படும் புள்ளிப் பல்லி, அரபியர் 'வஸக்' என்னும் இனத்தில்தான் சேரும் என்பது நம் கருத்து. வஸகைக் கொல்லும்படி ஏவப்பட்டிருக்க, அதையே சீராட்டி வளர்ப்பது முறையாகத் தோன்றவில்லை. அங்கும் முதல் அடியிலேயே முடிப்பவருக்குக் கூலி அதிகம் என்று முஸ்லிமில் வருவதைக் கவனியுங்கள். கொல்லச் சொன்ன இடத்திலும் வதைக்க இடமில்லை. தெருவில் ஓணானைச் சிறுவர்கள் கல்லால் அடித்துத் துடிக்கவிடும் விளையாட்டுக்கு இந்த ஹதீஸைச் சான்று காட்டுவது அறியாமை.

விளையாட்டு என்ற சொல் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். இரை ஓடுவதையும் பிடிபடுவதையும் காட்ட நண்பர்களைக் கூட்டி வருவதும், கைபேசியில் படம் எடுத்துப் பரப்புவதும் சில பிள்ளைகளிடம் உண்டு. உயிருள்ளதைக் கட்டிவைத்து அம்பெய்து பழகுவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்தார்கள். கோழியைக் கட்டி எய்துகொண்டிருந்தவர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள் அதை நினைவூட்டிக் கண்டித்த செய்தி முஸ்லிமில் உள்ளது. உணவுக்காகக் கொடுப்பதில் உள்ள அனுமதி வேடிக்கைக்காகக் கொடுப்பதில் இல்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குப் புரியவைப்பது தகப்பனின் பொறுப்பு.

சுத்தத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அதன் எச்சம் நஜீஸ் என்பதோடு, சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமியும் அதில் இருக்கக்கூடும். தொட்டபின் சோப்பால் கை கழுவ வேண்டும். அதன் பாத்திரங்களை அடுக்களைத் தொட்டியில் கழுவலாகாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டில் இப்பிராணி வேண்டாமென்றே மருத்துவர்கள் சொல்கின்றனர்.

இவ்வளவையும் கடைவாசலில் நிற்கும்போதே யோசிக்க வேண்டும். வாங்கிய பிறகு, பூச்சியைக் கொடுப்பதா கொடுக்காதிருப்பதா என்ற தெரிவு நம் கையில் இல்லை. பூச்சியைத் தொடவே மனம் ஒப்பாதவர் இலை தின்னும் இனத்தைத் தேடலாம். நபியவர்களின் விரிப்பில் வைக்கப்பட்டு, அவர்கள் உண்ணாமல் விட, காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் உண்ட 'ழப்பு' அத்தகையது. தமிழில் அதை உடும்பு என்று மொழிபெயர்த்துவிட்டோம், அது சரியன்று. நம் உடும்பு மாமிசம் தின்பது, ழப்போ முள்வால் கொண்ட, பெரும்பாலும் செடி தின்னும் பாலைவனப் பிராணி. இந்தியாவில் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு உடும்பைப் பிடிக்கப் புறப்பட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாகும்.

முன்பே வாங்கிவிட்டு இப்போது பராமரிக்க இயலாமல் தவிப்பவர், உடைமையாளரால் நஃபகா கொடுக்க முடியாதபோது பிராணியை விற்றுவிடுமாறு நூல்கள் கூறும் வழியைப் பின்பற்றட்டும். வளர்க்கத் தெரிந்தவரிடம் விலைக்கோ இனாமாகவோ ஒப்படைக்கலாம், மிச்சமுள்ள சுவர்க்கோழிகளையும் அவரிடமே சேர்த்துவிடலாம். 'அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டேன்' என்று தோட்டத்தில் இறக்கிவிட்டு வரக் கூடாது. வெப்ப நாட்டில் பிறந்த இனம் அது, இங்கிலாந்தின் குளிரில் ஒரு பனிக்காலத்தைக்கூடத் தாண்டாது.